எடையைப் பகையாகக் கண்டவர்: லோட்டஸ் நிறுவனர் கோலின் சாப்மேன்

1990களின் இறுதியில் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காரை நம் நாட்டுக் கார்ப் பிரியர்கள் இன்னும் மறக்கவில்லை. நன்றாகப் பராமரித்த ஒன்று விற்பனைக்கு வந்தால் இன்றும் போட்டி போட்டு வாங்குகிறார்கள். ஹேண்ட்லிங் பை லோட்டஸ் என்ற சிறிய முத்திரை அந்தக் காருக்கு ஒரு தனி மதிப்பைத் தந்தது. வளைவில் கார் எப்படித் திரும்புகிறது, ஓட்டுநர் சொன்னபடி கேட்கிறதா என்பதை இங்கிலாந்தின் லோட்டஸ் பொறியியலாளர்கள் சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். பின்னர் வந்த ஜென் 2, சத்ரியா நியோ கார்களோடும் லோட்டஸ் பெயர் சேர்ந்தே பேசப்பட்டது.

அந்த லோட்டஸை உருவாக்கிய கோலின் சாப்மேன் புரோட்டோனைப் பார்த்ததே இல்லை. புரோட்டோன் நிறுவனம் தொடங்கியது 1983இல். அவர் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1982 டிசம்பரில், 54 வயதில் காலமானார். ஆனால் கார் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் கொண்டிருந்த பிடிவாதமான கருத்துதான் பல ஆண்டுகள் கழித்து ஷா ஆலாம் வரை வந்து சேர்ந்தது.

அந்தக் கருத்து மிக எளிமையானது. வேகமான கார் வேண்டும் என்றால் பெரிய எஞ்சினைத் தேடாதே, எடையைக் குறை. குதிரைத்திறனைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டும் பயன் தெரியும். எடையைக் குறைத்தால் கிளம்பும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், வளைவிலும், எங்கேயும் பயன் தெரியும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கும் குலையை இறக்கிவிட்டுத் திரும்பும் லோரிக்கும் உள்ள வித்தியாசம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். எஞ்சின் ஒன்றுதான், ஓட்டுபவரும் ஒருவர்தான், வண்டி மட்டும் வேறு வண்டியாகிவிடும்.

எல்லாருக்கும் தெரிந்த இந்தச் செய்தியைச் சாப்மேன் கொண்டு போன தூரம் வேறு யாரும் போகாதது. அதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு.

1928ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி லண்டனை அடுத்த ரிச்மண்டில் அவர் பிறந்தார். வட லண்டனின் ஹார்ன்சி பகுதியில் அவருடைய தந்தை ரயில்வே ஹோட்டல் என்ற மதுக்கடையை நடத்தி வந்தார். போர் முடிந்த 1945இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பாலமும் கட்டடமும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடும் படிப்பு அது. கூடவே பல்கலைக்கழக விமானப் படைப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றார். விமானத்தில் தேவையற்ற ஒரு கிராம் எடைக்குக்கூட இடமில்லை. பின்னாளில் அவர் கார்களில் செய்ததில் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களிலிருந்து வந்ததுதான்.

மாணவராக இருக்கும்போதே ஒரு நண்பரோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கும் வியாபாரம் செய்தார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் புதிய கார் கிடைப்பது அரிது என்பதால் பழைய கார்கள் நல்ல விலைக்குப் போயின. 1947இல் அரசாங்கம் சொந்தக் கார்களுக்கான அடிப்படைப் பெட்ரோல் பங்கீட்டை நிறுத்தியதும் சந்தை ஒரே நாளில் படுத்தது. சம்பாதித்த இலாபம் கரைந்து, கையில் மிஞ்சியது யாரும் வாங்காத ஆஸ்டின் செவன் ஒன்று.

விற்க முடியாத அந்தக் காரைத்தான் அவர் பிரித்து மாற்றிக் கட்டினார். வருங்கால மனைவி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக் கொட்டகைதான் பட்டறை. விமானத்தின் உடல் போல, மெல்லிய ஒட்டுப்பலகையோடு அலுமினியத் தகடு சேர்த்து புதிய உடல் செய்தார். அதற்கு லோட்டஸ் என்று பெயர் வைத்தார். தாமரையைக் குறிக்கும் அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை அவர் கடைசி வரை வெளியே சொல்லவில்லை. ஹேசலுக்கு அவர் வைத்த செல்லப் பெயர் அது என்று பலரும் நம்புகிறார்கள்.

கணிதத் தாள் ஒன்றில் தவறி மறுதேர்வு எழுதியதால் பட்டம் ஓராண்டு தாமதமாகக் கிடைத்தது. ஆகாயப் படையில் சிறிது காலம் இருந்துவிட்டு, அலுமினியம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் அலுவலகம், இரவில் கார். 1952இல் ஹேசல் கொடுத்த 25 பவுண்டு கடனில் லோட்டஸ் இன்ஜினியரிங் நிறுவனம் தொடங்கியது. தந்தையின் மதுக்கடைக்குப் பின்னால் இருந்த குதிரைலாயம்தான் முதல் தொழிற்கூடம்.

அதற்கு ஓராண்டு முன்பு நடந்த ஒன்று அவருடைய குணத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆஸ்டின் செவன் எஞ்சின் கொண்ட மலிவான கார்களுக்கு என்று இங்கிலாந்தில் ஒரு பந்தய வகை இருந்தது. அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டு காற்று வழிகளே உண்டு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வழியில் மூச்சு வாங்க வேண்டும். எஞ்சின் கட்டையை மாற்ற விதி அனுமதிக்கவில்லை. சாப்மேன் கட்டையைத் தொடவே இல்லை. காற்றுக் குழாய்க்குள் ஒரு தடுப்புத் தகட்டைச் செருகி ஒரு வழியை இரண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி கிடைத்தது. மற்ற கார்கள் பின்னால் வர முடியவில்லை. அடுத்து அந்தத் தந்திரத்தைத் தடுக்க விதியையே மாற்றினார்கள்.

விதி என்ன சொல்கிறது, என்ன சொல்லாமல் விட்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்பது அவருக்கு வாழ்நாள் பழக்கமாகிவிட்டது. முழுக் காருக்கு இங்கிலாந்தில் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக விற்றால் இல்லை. எனவே லோட்டஸ் தன் கார்களைப் பெட்டியில் பாகங்களாக விற்றது. வாங்கியவர் வீட்டிலேயே பொருத்திக்கொள்ள வேண்டும். பொருத்தும் முறையை விளக்கும் கையேடு தரக்கூடாது என்பது சட்டம் என்பதால், பிரிக்கும் முறையை விளக்கும் கையேடு கொடுக்கப்பட்டது, அதைப் பின்னாலிருந்து படித்தால் கார் தயார் என்று ஒரு வேடிக்கைக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. 1957இல் வந்த லோட்டஸ் செவன் அப்படிப் பிறந்த கார். கதவு இல்லை, கூரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர் வார நாளில் வேலைக்கு ஓட்டிப் போய், ஞாயிற்றுக்கிழமை அதே காரில் பந்தயத்திலும் ஓட முடிந்தது. விலை உயர்ந்த கார்தான் வேகமான கார் என்ற எண்ணத்துக்கு விழுந்த நல்ல அடி அது.

சாப்மேன் தாமும் பந்தயம் ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். 1956இல் பிரெஞ்சு கிராண்ட் பிரியில் வான்வால் காரில் ஓட்ட அழைக்கப்பட்டார். பயிற்சியிலேயே சக ஓட்டுநர் மைக் ஹாத்தார்ன் காரில் மோதியதால் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியவில்லை. அதே வான்வால் காரின் அடிச்சட்டத்தை வடிவமைத்துக் கொடுத்தவரும் அவரே. 1958இல் தயாரிப்பாளர்களுக்கான முதல் ஃபார்முலா 1 பட்டத்தை வான்வால் வென்றது. அந்த ஆண்டுதான் லோட்டஸும் ஃபார்முலா 1 களத்தில் இறங்கியது.

அப்போது ஐரோப்பியப் பந்தய உலகில் இத்தாலியின் ஃபெராரிக்குத் தனி மரியாதை. எஞ்சின்தான் காரின் உயிர், மற்றதெல்லாம் அதைச் சுமக்கும் வண்டி என்று என்ஸோ ஃபெராரி கருதினார். கொட்டகையில் கார் கட்டும் ஆங்கிலேயர்கள் மீது அவருக்கு இளக்காரம். எஞ்சினை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம், அதை எதில் வைக்கிறோம் என்பதில்தான் வெற்றி இருக்கிறது என்பது சாப்மேனின் வாதம்.

அந்த வாதத்துக்கு 1962இல் அவர் கொடுத்த பதில் லோட்டஸ் 25. அதுவரை பந்தயக் கார் என்பது இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூட்டின்மேல் தகடு போர்த்தியது. சாப்மேன் குழாய்க் கூட்டையே எடுத்துவிட்டார். அலுமினியத் தகடுகளைப் பெட்டி போல இணைத்து, அந்தப் பெட்டியே எல்லாப் பாரத்தையும் தாங்கும்படி செய்தார். பிஸ்கட் டின்னை எடுத்துப் பாருங்கள். தகடு மெல்லியது, ஆனால் மூடியோடு சேர்த்து முறுக்க முயன்றால் எளிதில் முறுக்க முடியாது. அதே கணக்குதான். கார் இலேசாகவும் ஆனது, உறுதியாகவும் ஆனது. ஓட்டுநர் ஏறக்குறைய படுத்த நிலையில் ஓட்டினார். மற்ற அணிகளின் கார்கள் அதன் பக்கத்தில் பழைய காலத்துப் பொருள்கள் போலத் தெரிந்தன. இன்றைய ஃபார்முலா 1 கார்களும் அந்தப் பெட்டி முறையில்தான் கட்டப்படுகின்றன, அலுமினியத்துக்குப் பதில் கார்பன் இழை வந்திருக்கிறது, அவ்வளவே.

அந்தக் காரில் உட்கார்ந்தவர் ஜிம் கிளார்க். ஸ்காட்லாந்தில் ஆடு மாடு வளர்க்கும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அதிகம் பேசாதவர். காரில் எங்கே என்ன சரியில்லை என்பதை உணர்ந்து, அதற்கேற்பத் தம் ஓட்டத்தை மாற்றிக்கொள்ளும் திறமை அவருக்கு இருந்தது. 1963இல் 10 பந்தயங்களில் 7இல் வென்று உலக வீரரானார். 1965இல் மீண்டும் பட்டம். அதே ஆண்டு மொனாக்கோ பந்தயத்தைத் தவிர்த்துவிட்டு சாப்மேனும் கிளார்க்கும் அமெரிக்கா போய் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் இறங்கினார்கள். அமெரிக்கர்கள் முன்பக்கம் பெரிய எஞ்சின் வைத்த கனமான கார்களில் ஓடிக்கொண்டிருந்த இடம் அது. 200 சுற்றுகளில் 190 சுற்றுகள் கிளார்க்கே முன்னிலை. எஞ்சினைப் பின்னால் வைத்த கார் அங்கே வென்றது அதுவே முதல் முறை. சில ஆண்டுகளில் முன் எஞ்சின் கார்கள் அந்தக் களத்திலிருந்தே மறைந்து போயின.

1967இல் வந்த லோட்டஸ் 49இல் இன்னொரு படி ஏறினார். லோட்டஸில் முன்பு வேலை பார்த்த கீத் டக்வொர்த் என்பவர், ஃபோர்டு கொடுத்த 100,000 பவுண்டில் டிஎஃப்வி என்ற எஞ்சினை வடிவமைத்தார். அந்த எஞ்சினைச் சட்டத்துக்குள் வைக்காமல், எஞ்சினையே சட்டத்தின் பின்பாதியாக ஆக்கினார்கள். பின் சக்கரங்கள் நேரடியாக எஞ்சினோடு பிணைக்கப்பட்டன. ஒரே பொருள் இரண்டு வேலை செய்தால் ஒரு பொருளின் எடை மிச்சம். ஹாலந்தின் சாண்ட்வோர்ட்டில் முதல் முறை களமிறங்கிய அன்றே கிளார்க் அதில் வென்றார். அந்த எஞ்சின் பின்னர் பல அணிகளுக்கும் விற்கப்பட்டு மொத்தம் 155 கிராண்ட் பிரி பந்தயங்களை வென்றது.

பணம் திரட்டுவதிலும் அவர் முந்திக்கொண்டார். அந்தக் காலத்தில் கார்கள் நாட்டின் நிறத்தில் ஓடும், இங்கிலாந்துக்குப் பச்சை. 1968இல் லோட்டஸ் கார்கள் கோல்ட் லீஃப் சிகரெட் பெட்டியின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறத்தில் வந்து நின்றபோது பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பெரிய அணிகளில் அப்படி விளம்பர நிறம் பூசிக்கொண்டது லோட்டஸ்தான் முதலில். இன்று விளம்பரம் இல்லாத ஒரு பந்தயக் காரைக் காண முடியுமா?

அதே 1968 அவருக்குப் பெரும் துயரத்தைக் கொண்டு வந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் நடந்த ஃபார்முலா 2 பந்தயத்தில் கிளார்க்கின் லோட்டஸ் ஈரச் சாலையிலிருந்து விலகி மரங்களில் மோதியது. 32 வயதில் கிளார்க் இறந்தார். டயரில் காற்று இறங்கியிருக்கலாம் என்றார்கள், காரணம் முழுமையாக உறுதியாகவில்லை. சாப்மேன் அன்று அங்கே இல்லை. இருவரும் முதலாளியும் ஓட்டுநரும் போலப் பழகியவர்கள் அல்லர், சகோதரர்கள் போல இருந்தவர்கள். சரியாக ஒரு மாதம் கழித்து மே 7ஆம் தேதி, இண்டியானாபோலிஸ் பயிற்சியில் மைக் ஸ்பென்ஸ் லோட்டஸ் காரில் உயிரிழந்தார். அந்த ஆண்டு கிரஹாம் ஹில் மன உறுதியோடு ஓட்டி அணிக்கு உலகப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார்.

ஒரு பாகம் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்? கட்டமைப்புப் பொறியியல் படித்த எவரும் முதலில் கேட்கும் கேள்வி இது. பாலம் கட்டுபவர், தாங்க வேண்டிய பாரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்கும்படி கட்டுவார். சாப்மேனின் கார்களில் அந்தக் கூடுதல் மிக மிகக் குறைவு. பந்தயம் முடியும் வரை தாங்கினால் போதும், அதற்கு மேல் தாங்கினால் அந்தப் பாகம் தேவைக்கு மேல் கனமானது என்பதுதான் அவருடைய போக்கு. 1960இல் பெல்ஜியத்தில் ஸ்டெர்லிங் மோஸின் லோட்டஸ் காரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் சக்கரம் கழன்றது. மோஸின் கால்கள் முறிந்தன. அப்போதிருந்தே லோட்டஸ் கார் வேகமானது, ஆனால் உடையக்கூடியது என்ற பேச்சு பந்தயக் களங்களில் இருந்து வந்தது.

1969இல் அணியில் சேர்ந்த ஆஸ்திரியாவின் யோகன் ரிண்ட் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். அந்தக் காலத்தில் கார்களின் மேல் உயரமான கம்பிகளில் சிறகுகளைப் பொருத்தி, காற்றின் அழுத்தத்தால் காரைச் சாலையோடு அழுத்தும் முறை வந்திருந்தது. அவ்வாண்டு பார்சலோனா பந்தயத்தில் கிரஹாம் ஹில்லின் காரில் சிறகு உடைந்து கார் தடுப்பில் மோதியது. சில சுற்றுகளில் அதே இடத்தில் ரிண்டின் காரிலும் அதே போல் நடந்தது. முகத்தில் காயத்தோடு தப்பிய ரிண்ட், உயரமான சிறகுகள் கூடாது என்று பகிரங்கமாக எழுதினார். சாப்மேனுக்குத் தனியே ஒரு கடிதமும் அனுப்பினார். லோட்டஸுக்கு வருமுன் இத்தனை விபத்துகளை தாம் சந்தித்ததில்லை என்றும், இந்தக் கார்கள் இருக்கும் வேகத்துக்குப் பலவீனமான பாகங்களில் சில பவுண்டு எடை கூட்டினாலும் வெற்றி கைநழுவாது என்றும், காரின் மேல் நம்பிக்கை இருந்தால்தான் தம்மால் ஓட்ட முடியும் என்றும் அதில் முறையிட்டிருந்தார்.

காரை ஓட்டுபவரே வடிவமைத்தவரிடம் வைத்த வேண்டுகோள் அது. கேட்டது சில பவுண்டு எடைதான்.

ஆனாலும் ரிண்ட் அணியை விட்டுப் போகவில்லை. வேறு எங்கும் அவ்வளவு வேகமான கார் இல்லை. 1970இல் வந்த லோட்டஸ் 72 அதை மீண்டும் நிரூபித்தது. ஆப்பு போல முன்புறம் சரிந்த வடிவம். மூக்கில் இருந்த ரேடியேட்டர் இரு பக்கங்களுக்கும் போனது. முன் பிரேக்குகள் சக்கரத்திலிருந்து எடுக்கப்பட்டு காரின் உடலோடு வைக்கப்பட்டு, மெல்லிய தண்டுகளால் சக்கரத்தோடு இணைக்கப்பட்டன. சக்கரத்தின் எடை குறைந்தால் கார் மேடு பள்ளத்தில் நன்றாகப் பிடித்து ஓடும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. ரிண்ட் அந்த ஆண்டு 5 பந்தயங்களை வென்றார், அவற்றில் 4 தொடர்ச்சியாக.

செப்டம்பர் 5ஆம் தேதி இத்தாலியின் மோன்ஸாவில் பயிற்சி நடந்தது. நீண்ட நேர்ச்சாலைகள் கொண்ட அந்தக் களத்தில் வேகம் கூட்ட, காரின் சிறகுகளைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். சிறகில்லாத கார் நிலையாக ஓடவில்லை என்று அணியின் இன்னோர் ஓட்டுநர் ஜான் மைல்ஸ் தயங்கினார். ரிண்டின் கார் வளைவு ஒன்றுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது திடீரென இடப்பக்கம் திரும்பி இரும்புத் தடுப்பில் மோதியது. 28 வயதில் ரிண்ட் உயிரிழந்தார். வலது முன் பிரேக் தண்டு முறிந்ததே விபத்துக்குத் தொடக்கம், தடுப்புச் சுவர் சரியாக அமைக்கப்படாததே உயிர் போனதற்குக் காரணம் என்று இத்தாலிய விசாரணை முடிவு செய்தது. காலுக்கிடையில் போட வேண்டிய பாதுகாப்புப் பட்டையை ரிண்ட் போட்டிருக்கவில்லை என்பதும் உண்மை.

எஞ்சியிருந்த பந்தயங்களில் அவருடைய புள்ளிகளை வேறு யாராலும் எட்ட முடியவில்லை. அமெரிக்கப் பந்தயத்தில் லோட்டஸின் புது ஓட்டுநர், பிரேசிலின் எமர்சன் ஃபிட்டிபால்டி வென்றதும் பட்டம் உறுதியானது. இறந்த பின் உலக வீரரானவர் ஃபார்முலா 1 வரலாற்றில் ரிண்ட் ஒருவரே. கோப்பையை அவருடைய மனைவி நீனா பெற்றுக்கொண்டார்.

சாப்மேன் மீது மட்டும் பழி சுமத்துவது நியாயமாகாது. அந்தக் காலத்தில் ஃபெராரி உட்பட எல்லா அணிகளிலும் ஓட்டுநர்கள் செத்தார்கள். களங்களில் மருத்துவ வசதியும் தடுப்புகளும் மோசமாக இருந்தன. மற்ற வடிவமைப்பாளர்களும் எடையைக் குறைக்கத்தான் போட்டி போட்டார்கள். ஆயினும் ரிண்டின் கடிதம் கையில் இருந்தது, முறிந்தது ஒரு மெல்லிய தண்டு. இதை எப்படிச் சுற்றி வளைத்தாலும் கடந்து போக முடியவில்லை. அந்தத் தண்டைத் தடிப்பாக்கியிருந்தால் காரின் வேகம் எவ்வளவு குறைந்திருக்கும்? அதே வகைக் கார் பிறகு பலப்படுத்தப்பட்டு 1975 வரை ஓடியது. 1972இல் ஃபிட்டிபால்டிக்கு உலகப் பட்டத்தையும், 1972, 1973இல் லோட்டஸுக்குத் தயாரிப்பாளர் பட்டங்களையும் தந்தது.

இந்தக் காலத்தில் சாலைக் கார்களும் வந்துகொண்டிருந்தன. 1966 முதல் லோட்டஸின் தலைமையிடம் நார்ஃபோக் மாவட்டத்தின் ஹெத்தல் என்ற பழைய போர்க்கால விமானத் தளம். ஓடுபாதையே சோதனைச் சாலை ஆனது. 1962இல் வந்த எலான் 700 கிலோவுக்கும் குறைவான எடை கொண்டது. பிற்காலத்தில் ஜப்பானின் மஸ்டா தன் எம்எக்ஸ்-5 காருக்கு அதையே முன்மாதிரியாகக் கொண்டது. எஸ்பிரிட் கார் 1977இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தண்ணீருக்குள் ஓடி உலகப் புகழ் பெற்றது. கட்டுமானத் தரம் என்று பார்த்தால் லோட்டஸ் கார்கள் சுமார்தான். வாங்கியவர்கள் பட்டறைக்கு அடிக்கடி போனார்கள், ஆனால் வளைவில் அவற்றுக்கு நிகர் இல்லை என்பதால் பொறுத்துக்கொண்டார்கள்.

சாப்மேனின் கடைசிப் பெரிய கண்டுபிடிப்பு காற்றைப் பற்றியது. விமானச் சிறகு விமானத்தை மேலே தூக்குகிறது. அதைக் கவிழ்த்து வைத்தால் கீழே இழுக்கும். காரின் அடிப்பகுதியையே கவிழ்த்த சிறகு போல வடிவமைத்து, பக்கங்களில் சாலையைத் தொடும் பாவாடை போன்ற தடுப்புகளை வைத்தால், அடியில் ஓடும் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைந்து கார் தரையோடு ஒட்டிக்கொள்ளும். எடையே கூடாமல் எடை கூடியதுபோல் சாலைப் பிடிப்பு கிடைக்கும். எடையை வெறுத்த மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்? அவருடைய பொறியியலாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கிய லோட்டஸ் 78, 79 கார்கள் 1978இல் மாரியோ ஆண்ட்ரெட்டியை உலக வீரராக்கின. பட்டம் உறுதியானதும் மோன்ஸாவில்தான். அதே பந்தயத்தின் தொடக்கத்தில் நடந்த மோதலில் கால்கள் நொறுங்கிய ரோனி பீட்டர்சன் மறுநாள் இறந்தார். பயிற்சியில் தம் புதிய கார் சேதமானதால் அன்று அவர் பழைய 78இல் ஓட்ட வேண்டியிருந்தது.

அதன் பிறகு நான்காண்டுகள் வெற்றியே இல்லை. 1981இல் இரட்டை அடிச்சட்டம் கொண்ட லோட்டஸ் 88ஐ விதியின் இடைவெளியில் நுழைக்கப் பார்த்தார். இம்முறை அதிகாரிகள் இடம் கொடுக்கவில்லை. தடை செய்தார்கள். சாப்மேன் மனம் கசந்து போனார். 1982 ஆகஸ்ட்டில் ஆஸ்திரியாவில் எலியோ டி ஏஞ்சலிஸ் 0.05 விநாடி இடைவெளியில் வென்றபோது, தம் கார் வெல்லும்போதெல்லாம் செய்வதுபோல் கறுப்புத் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். அதுதான் அவர் எறிந்த கடைசித் தொப்பி.

அதே நேரம் வேறொரு வலை இறுகிக்கொண்டிருந்தது. அமெரிக்கரான ஜான் டிலோரியன், பிரிட்டிஷ் அரசாங்கப் பணத்தில் வட அயர்லாந்தில் ஒரு கார்த் தொழிற்சாலை தொடங்கினார். வேலையில்லாத் திண்டாட்டமும் கலவரமும் நிறைந்த பகுதியில் வேலை கொடுப்பதாகச் சொல்லி வாங்கிய பணம் அது. காரைப் பொறியியல் ரீதியாக உருவாக்கும் பொறுப்பு லோட்டஸுக்கு. அதற்கென ஒதுக்கிய பணத்தில் பெரும் தொகை பனாமாவில் பதிவான ஒரு நிறுவனத்தின் வழியாக மாயமானது. 1982இல் டிலோரியன் நிறுவனம் திவாலாகி, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்தாண்டுக்குப் பின், 1992இல், லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் ஃபிரெட் புஷல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சாப்மேன் உயிரோடிருந்து கூண்டில் நின்றிருந்தால் குறைந்தது 10 ஆண்டுகள் கிடைத்திருக்கும் என்று நீதிபதி குறிப்பிட்டார். எஞ்சின் குழாய்க்குள் தடுப்புத் தகடு வைத்தது கெட்டிக்காரத்தனம். இது பொதுமக்கள் பணம்.

ஆனால் சாப்மேன் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. 1982 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை மாரடைப்பால் காலமானார். அன்றுதான் அவருடைய அணி, கணினி உதவியோடு ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் புதிய சஸ்பென்ஷனைச் சோதனைக் களத்தில் ஓட்டிப் பார்த்தது. அந்த முறையில் 1987இல் அயர்டன் சென்னா மொனாக்கோவில் வென்றார். சாப்மேன் சாகவில்லை, எங்கோ தப்பிப் போய்விட்டார் என்று சிலர் நெடுங்காலம் வதந்தி பேசினார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அவர் காலத்தில் லோட்டஸ் வென்றது 7 தயாரிப்பாளர் பட்டங்கள், 6 ஓட்டுநர் பட்டங்கள். பந்தய அணி 1995 தொடக்கத்தில் மூடப்பட்டது. சாலைக் கார் நிறுவனம் கை மாறி மாறி 1996இல் புரோட்டோனிடம் வந்தது. அந்த ஆண்டு விற்பனைக்கு வந்த எலிஸ் காரின் எடை 725 கிலோதான். சாப்மேன் இருந்திருந்தால் தலையசைத்திருப்பார். சத்ரியா ஜிடிஐயின் சஸ்பென்ஷனும், பின்னர் புரோட்டோனின் கேம்ப்ரோ எஞ்சின் உருவாக்கத்தில் கிடைத்த உதவியும் அந்த உறவில் வந்தவை.

2010இல் ஏர் ஆசியாவின் டோனி ஃபெர்னாண்டஸ் லோட்டஸ் பெயரில் மலேசிய ஃபார்முலா 1 அணி ஒன்றைக் களமிறக்கினார். சிப்பாங்கில் பச்சை, மஞ்சள் கார்களைக் கண்டு நம்மவர்கள் கைதட்டினார்கள். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் 2011இல் ஜெர்மன் பந்தயத்தில் அந்த அணிக்காக ஓட்டினார். பெயர் யாருக்குச் சொந்தம் என்று புரோட்டோனின் லோட்டஸுக்கும் ஃபெர்னாண்டஸுக்கும் லண்டனில் வழக்கு நடந்தது. இரு பக்கமும் மலேசியர்கள், சண்டை ஓர் ஆங்கிலேயர் வைத்த பெயருக்காக. ஃபெர்னாண்டஸ், சாப்மேனின் பழைய லோட்டஸ் செவனை 1973 முதல் தயாரித்து வரும் கேட்டர்ஹாம் நிறுவனத்தை வாங்கி அணியின் பெயரையும் அதற்கே மாற்றினார். 2014இல் மூடப்படும் வரை அந்த அணி ஒரு புள்ளியும் பெறவில்லை. செவன் மட்டும் இன்றும், வீட்டில் பொருத்திக்கொள்ளும் பாகங்களாகவும், விற்பனையாகிறது.

2017இல் லோட்டஸின் பெரும்பங்கு சீனாவின் ஜீலி கைக்குப் போனது. எலிஸ் காரின் தயாரிப்பு 2021இல் நின்றது. அடுத்து வந்த எலெட்ரா என்ற மின்சாரக் காரின் எடை ஏறக்குறைய இரண்டரை டன். 25 பவுண்டு கடன் கொடுத்து எல்லாவற்றையும் தொடங்கி வைத்த ஹேசல் சாப்மேன், 2021 டிசம்பரில் 94 வயதில் காலமானார்.